ஜன்னலுக்கு வெளியே வெச்ச மருந்து

ஜனவரி 7, செவ்வாய்

நீர்ப்பனிதான். இன்னும் உறையல. ஆனா காலைல கை வெறச்சுப் பேனா பிடிக்க முடியல. இப்ப சாயங்காலம் அடுப்போரம் உக்காந்து எழுதறேன்.

செல்வி கிளம்பிட்டா. ஏழரை பஸ். கோயமுத்தூர்ல அவ தங்கச்சி பூங்கொடிக்கு எட்டாம் மாசம். வயித்துப் புள்ளையோட சுகரும் சேந்து வந்திருக்கு, ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டாங்க. தேதிக்கு முன்னாடியே எடுக்க வேண்டி வருமாம். அவ புருஷன் துபாய்ல. இவ போகாம வேற யாரு போவா.

பஸ் ஏறி ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கூட எனக்குப் பாடம். "ஏனுங்க, புள்ளைக்கு ஊசி ஒரு வேளை தவறக் கூடாதுங்க." சரி சரின்னேன். டீ ஃபேக்டரியில நாப்பது ஆளு என் பேச்சக் கேக்கறாங்க. ஊட்டுல ஒரு புள்ளையப் பாத்துக்க மாட்டனா.

ஃப்ரிட்ஜ் மேல சீட்டு ஒட்டி வெச்சிருக்கா. அப்படியே எழுதறேன்:

1. தாரணிக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி தண்ணி மருந்து ஊசி. மூணு வேளை.
2. படுக்கறப்ப பால் மருந்து ஊசி. உள்ளங்கையில வெச்சு உருட்டோணும். குலுக்காதீங்க.
3. சுகர் நாலு தடவ பாத்து நோட்டுல எழுதோணும்.
4. மருந்து ஃப்ரிட்ஜ் கதவுல மட்டும். ஐஸ் பக்கம் வெக்காதீங்க.
5. நீங்களும் மாத்திரை போடுங்க.
6. புள்ளையத் திட்டாதீங்க.

ஆறாம் நம்பர் எதுக்குன்னு தெரியல. நான் எப்பத் திட்டினேன்.

தாரணி (தா.) சுகர்: காலை 138. ராத்திரி 152. நல்லாருக்கு.

ஜனவரி 8, புதன்

குளிர் எச்சாயிட்டே போகுது. வானம் பளிச்சுன்னு இருக்கு, ஒரு மேகம் இல்ல. இது நல்லதுக்கில்ல, உறைபனி விழும்.

காலைல துணி காயப் போடறப்ப பக்கத்து ஊட்டு ரோஸியக்கா. "செல்வி ஊருக்குப் போயிட்டாளா? பாவம், ஒரே ஊட்டுல ரெண்டு பேருக்கு சுகரு. உங்க சீக்குத்தானுங்களே புள்ளைக்கும் எறங்கிருச்சு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. பக்கெட்ட எடுத்துட்டு வந்துட்டேன். வயசான பொம்பளையாப் போச்சு, இல்லேன்னா நாலு கேட்டிருப்பேன்.

நாள் பூரா அதே நெனப்பு. ஃபேக்டரியில எல காய வெக்கற டிரையர்கிட்ட நின்னும் அதே. எனக்கு ஆறு வருஷமா சுகர். மாத்திரை, நடை, சோத்தக் கொறச்சது, அப்படியே ஓடுது. தாரணிக்குப் பதினாறு வயசு. எலும்பும் தோலுமா ஆனப்பறம்தான் அக்டோபர்ல கண்டுபிடிச்சோம். ராத்திரி அஞ்சாறு தடவ ஒன்னுக்குப் போனா. ஊட்டிக் குளிருக்கு யாருதான் போகலேன்னு நான்தான் சொன்னேன். அந்தச் சீக்கையும் நான்தான் குடுத்தேன்னு ஒருத்தி சொன்னா எப்படி இருக்கும்.

சாயங்காலம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தத தா. கண்டுபிடிச்சுட்டா. சொன்னேன். கெக்கேன்னு சிரிச்சா.

"அப்பா, உங்களுது வேற, என்னுது வேற. பேரு மட்டுந்தான் ஒன்னு. உங்க டிரையர் அடுப்ப நெனச்சுக்கங்க."

அவ சொன்னத மறக்காம எழுதி வெக்கறேன். எனக்கு இதுவரைக்கும் ஒரு டாக்டரும் இப்படிச் சொன்னதில்ல.

சாப்பிடறது சர்க்கரையா மாறி ரத்தத்துல போகுது. அதுதான் விறகு. அத அடுப்புக்குள்ள தள்ளற ஆளு இன்சுலின். விறகு வெளிய குமிஞ்சு கெடந்தா அதுக்குப் பேருதான் சர்க்கரை வியாதி. ஏன் குமியுதுங்கறது ஆளுக்கு ஆளு வேற.

தாரணிக்கு (டைப் ஒன்): தள்ளற ஆளே இல்ல. அவ உடம்பே அவன எதிரின்னு நெனச்சு அடிச்சுத் தொரத்திருச்சு. அவ தின்னதாலயும் இல்ல, நான் குடுத்ததும் இல்ல. தெனம் வெளிய இருந்து ஆளக் கூட்டிட்டு வரணும். அதுதான் ஊசி.

எனக்கு (டைப் டூ): ஆளு இருக்கான். அடுப்புக் கதவு இறுகிப் போச்சு. தள்ளித் தள்ளி அவனும் ஓஞ்சுட்டான். மாத்திரை கதவ இளக்குது. நானும் வாயக் கட்டி விறகக் கொறைக்கணும்.

பூங்கொடிக்கு: வயித்துல புள்ள இருக்கறதால கதவு இறுகுது. பொறந்ததும் அநேகமா சரியாயிரும். பின்னாடி ஒரு காலத்துல எனக்கு வந்த மாதிரி வரவும் வரலாம்.

"செரி, உனக்கு ஆளு வரலேன்னா?"

"உள்ள அடுப்பு பட்டினிங்கப்பா. உடம்பு கொழுப்ப எடுத்து எரிக்கும். அதுல வர்ற புகை விஷம்."

"எத்தன நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள், மூணு நாள்." ஏதோ பஸ் டைம் சொல்ற மாதிரி சொல்லிட்டு புஸ்தகத்த எடுத்துட்டா.

என்னதிது, இவ்வளவு லேசா சொல்றா.

காலை 144. ராத்திரி 139.

ஜனவரி 9, வியாழன்

ஃப்ரிட்ஜ் செத்துப் போச்சு.

காலைல பால் எடுக்கறப்ப உள்ள லைட் இல்ல. மெக்கானிக் எட்டு மணிக்கு வந்து பின்னாடி தட்டிப் பாத்துட்டு, "கம்ப்ரஸர் போச்சுங்க. சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரோணும். பொங்கல் கழிஞ்சுதானுங்க"ன்னுட்டுப் போயிட்டான்.

ஆஸ்பத்திரியில குடுத்த ஒரு மாச மருந்து, பிரிச்சது பிரிக்காதது எல்லாம் அதுலதான். தா. ஸ்கூலுக்குக் கிளம்பிட்டே, "ரோஸியக்கா ஊட்டு ஃப்ரிட்ஜ்ல குடுத்து வெக்கலாங்கப்பா"ன்னா. அங்க போயி நிக்கறதா? இன்னிக்கு மருந்த வெப்பேன், நாளைக்கு தெரு பூரா, அப்பன் சீக்கு மகளுக்கு, மருந்து எங்க ஊட்டுலன்னு பாட்டுப் பாடுவாங்க. அதெல்லாம் வேண்டாம்னேன்.

அப்பறம் எனக்கே தோணுச்சு. ஊட்டியே ஒரு ஃப்ரிட்ஜ்தான். இதுல கரண்டு வேற எதுக்கு. பின் ஜன்னலுக்கு வெளிய பலகை இருக்கு, வெயிலே படாத பக்கம். எவர்சில்வர் டிபன் டப்பாவுல மருந்து பூராவும் வெச்சு, குரங்கு தூக்காம கம்பியோட சேத்துக் கட்டிட்டேன். ஊட்டுக்குள்ள அடுப்புச் சூடு, ஹீட்டர் சூடு. வெளியதான் ஜில்லுன்னு இருக்கும்.

"உள்ளயே ஒரு ஓரமா வெச்சா ஆகாதாங்கப்பா?" சாயங்காலம் வந்து பாத்துட்டு தா. கேட்டா.

"மருந்து குளிர்ச்சியா இருக்கணும்னு உங்கம்மா சீட்டுல எழுதியிருக்காளா இல்லயா?"

அவ நோட்டுல சுகர் எழுதப் போயிட்டா.

செல்விக்கு ஃபோன்ல ஃப்ரிட்ஜ் பத்திச் சொல்லல. அங்க அவளுக்கு இருக்கற வெசனம் போதும்.

146. 151.

ஜனவரி 10, வெள்ளி

உறைபனி. இந்த வருஷத்துக்கு முதல். எங்க காந்தல் ஏரியாவுல புல்லு, ஓடு, நிறுத்தி வெச்ச வண்டி, எல்லாம் வெள்ளை. குழாய்ல தண்ணி வரல, உள்ள கட்டிருச்சு.

டப்பாவ எடுத்தேன். மூடி ஒட்டிக்கிச்சு, லுங்கியப் புடிச்சுத் திருகினேன். தண்ணி மருந்து பாட்டில்ல பாதி கட்டி. பால் மருந்தும் அப்படித்தான். அடுப்புல இருந்து ஒரு முழம் தள்ளி வெச்சேன், பத்து நிமிஷத்துல இளகிருச்சு. பக்கத்துலயே தேங்காண்ணெய் பாட்டிலும் இளகிட்டு இருந்துச்சு. இந்த ஊர்ல மார்கழி முச்சூடும் தெனம் எண்ணெய உருக்கித்தான் தலையில தேய்க்கறோம். அது கெட்டா போகுது?

தா. குளிச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் தயார். ஊசி போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா. அவகிட்டச் சொல்லல. சொல்ற அளவுக்கு ஒன்னுமில்லயே.

ஃபேக்டரிக்குப் பதினோரு மணிக்கு பெள்ளியண்ணன் எல கொண்டாந்தார். எமரால்டு பக்கம் ஒன்றரை ஏக்கரா தோட்டம், படுகர், நாங்க இருவது வருஷப் பழக்கம், என்னைய டீமேக்கர்னுதான் கூப்பிடுவார். பள்ளத்துல இருக்கற செடி பூரா பனி அடிச்சிருச்சாம். மூட்டையில கைய விட்டுப் பாத்தேன், பச்சையாத்தான் இருந்துச்சு.

"மேல பாத்தா ஒன்னும் தெரியாது டீமேக்கர். செத்தது செத்ததுதான். வெயில் பட்டாத்தான் கருகும். நேத்து ராத்திரி எந்திரிச்சு தண்ணி தெளிச்சிருக்கணும், தூங்கிட்டேன்."

மோந்து பாத்தேன். உள்ள ஒரு அவிஞ்ச வாசம். திருப்பி அனுப்பிட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா என் மூக்கு இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. ஓனர் கூட மெஷின நம்பறத விட என் மூக்கத்தான் நம்புவார்.

காலை 149. ராத்திரி 221. சாயங்காலம் ஏதாச்சும் தின்னிருப்பா.

ஜனவரி 11, சனி

ரெண்டாவது நாளா உறைபனி. மருந்து மறுக்கா கட்டி. மறுக்கா இளக்கினேன்.

காலை 263. மத்தியானம் 290.

எப்பவும் அம்மாகிட்டயே இருந்த புள்ள, ஆளு மாறினதும் தின்ன வாய் நீளுது. லீவு நாள் வேற. கிச்சன்ல டப்பாவெல்லாம் எண்ணிப் பாத்தேன். முறுக்கு கொறையல. வெல்லம் கொறஞ்ச மாதிரி இருக்கு, நிச்சயமாத் தெரியல.

என் மாத்திரை போட மறந்துட்டேன். சாயங்காலம் போட்டேன்.

கேக்கறேன், "என்ன தின்னே?" "ஒன்னும் திங்கலீங்கப்பா." கேட்டதும் கண்ணக் கீழ போட்டுக்கிட்டா. அதுலயே தெரியுதே.

ஜனவரி 12, ஞாயிறு

மூணாவது நாள். டவுன்ல ஒரே கார். பனியப் பாக்கன்னே கீழ இருந்து வர்றாங்க, பைக்காரா ரோட்டுல தலைகுந்தா வரைக்கும் வண்டி நிக்குது. புல்லத் தொட்டுப் பாத்துட்டுக் கத்தறாங்க.

318. 354.

தா. பால் மருந்து பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. "அப்பா, இதுல திப்பி திப்பியா இருக்கு. முன்னாடி இப்படி இருக்காது."

வாங்கிப் பாத்தேன். பொடிப் பொடியா வெள்ளை, கண்ணாடியில ஒட்டிட்டு. "நீ சரியா உருட்டல"ன்னு நானே நல்லா உருட்டிக் குடுத்தேன். கொஞ்சம் கலங்குச்சு. போட்டுக்கிட்டா. யூனிட் ரெண்டு கூட வெச்சுப் போட்டுக்கறேன்னா, செரின்னேன்.

தண்ணி குடிச்சுட்டே இருக்கா. ராத்திரி பூரா கதவு தொறக்கற சத்தம். பழையபடி.

குளிர்தான். சுகர் பாக்கற மெஷினும் குளிர்ல கோளாறு பண்ணும், போன வருஷம் எனக்கே பண்ணிருக்கு. கக்கத்துல வெச்சு சூடு பண்ணி மறுபடி பாத்தேன். 361.

மெஷின் மேலயும் குத்தம் இல்ல போல.

"என் மாத்திரை ஒன்னு போட்டுப் பாரு"ன்னேன். "உங்க மாத்திரை எனக்கு வேலை செய்யாதுங்கப்பா. கதவ இளக்கி என்ன பண்றது, தள்ள ஆளு இல்லயே." சொன்ன குரல்ல சலிப்பு. எனக்குக் கோவம் வந்துருச்சு. புஸ்தகம் படிச்ச திமிரு.

ஜனவரி 13, திங்கள்

போகி. தெருவுல பழைய பாய் எரிச்ச புகை, மேல போகாம பள்ளத்துலயே நிக்குது.

அவ குளிக்கப் போனப்ப ஸ்கூல் பையப் பாத்தேன். செஞ்சிருக்கக் கூடாதுதான். அடியில மூணு சாக்லேட், ஒரு காலித் தாளு.

"இது என்ன?"

"சுகர் கொறஞ்சு மயக்கம் வந்தா சாப்பிடறதுக்குங்கப்பா. ஆஸ்பத்திரி நர்ஸக்காதான் எப்பவும் பையில வெச்சுக்கச் சொன்னாங்க. அம்மாவுக்குத் தெரியும்."

"கொறஞ்சாத்தான? உனக்குத்தான் முந்நூத்தம்பது ஓடுதே. இந்தத் தாளு?"

"அது டிசம்பர்ல."

நல்ல சாக்கு. எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கா. எடுத்து அடுப்புல போட்டுட்டேன். பாத்துட்டே நின்னா, அழுகல. அழுதிருந்தாக் கூட நான் நிறுத்தியிருப்பேன்.

இன்னியில இருந்து அவளுக்கு ரெண்டு கோதுமை தோசை, அவ்வளவுதான். வாயக் கட்டினா எறங்காத சுகர் எது? நான் அப்படித்தான எறக்கினேன்.

செல்வி ஃபோன். பூங்கொடிக்கு நாளன்னிக்கு ஆபரேஷனாம். "புள்ள சுகர் எப்படிங்க?" "நல்லாருக்கு." "ஃபோன அவகிட்டக் குடுங்க." குடுத்தேன், பக்கத்துலயே நின்னேன். அவளும், "நல்லாருக்கேம்மா"ன்னா.

எனக்காகச் சொன்னாளா, அவ அம்மாவுக்காகச் சொன்னாளான்னு தெரியல.

389. 402.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சூரியனப் பாத்துக் கும்பிட்டு, ரெண்டு பேருக்கு ஒரு சின்னப் பானை. சர்க்கரைப் பொங்கல் சாமிக்கு மட்டும், ஒரு கரண்டி. தா.வுக்கு வெண்பொங்கல் அரைக் கரண்டி வெச்சேன். தொடல. வயிறு வலிக்குதுன்னு படுத்துட்டா. மத்தியானம் ஒரு தடவ வாந்தி.

ரோஸியக்கா கேக்கும் கரும்பும் கொண்டாந்து குடுத்துட்டு, "என்னங்க புள்ள இப்படி எளச்சுட்டா? கன்னமே ஒட்டிப் போச்சு"ன்னாங்க. பசங்க பரிச்சைக்குக் கண் முழிக்கறாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். கரும்ப எண்ணி பீரோ மேல வெச்சேன். ஆறு துண்டு.

நாலு மணிக்குப் போர்வை சரி பண்ணக் குனிஞ்சேன். அவ வாயில வாசம். பழ வாசம். நல்லாக் கனிஞ்சு, அழுகறதுக்கு முன்னாடி ஒரு வாசம் வருமே, அது. எனக்கா தெரியாது? நூறு மூட்டையில ஒரு மூட்டை புளிச்சிருந்தா மோந்தே சொல்றவன் நான்.

"என்ன பழம் தின்னே?"

"இல்லீங்கப்பா."

"பொய் சொல்லாத. உன் வாயே சொல்லுது."

"சத்தியமா இல்லீங்கப்பா."

சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு மறுபடி கேட்டேன். செவுத்தப் புடிச்சுட்டு நின்னா. இல்லேன்னா. நான் சொன்னது எழுதவே கூசுது: "உங்கம்மா இல்லாத நேரம் பாத்து என்னக் கேவலப்படுத்தத்தான் இதெல்லாம் பண்றியா?"

ராத்திரி மெஷின்ல நம்பரே வரல. இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து. அளவுக்கு மேலன்னு அர்த்தம், பொட்டியோட சீட்டுலயே போட்டிருக்கு. இல்ல குளிர்ல கெட்டுருச்சோ. நாளைக்கு மெடிக்கல் ஷாப்புல காட்டணும்.

ஜனவரி 15, புதன்

உறைபனி கொறையல. ஃபேக்டரிக்கு ரெண்டு நாள் லீவு. பெள்ளியண்ணன் ஃபோன் பண்ணார், தோட்டம் செம்பழுப்பாயிருச்சாம்.

காலைல பூங்கொடிக்குப் பொண்ணு. அம்மாவும் புள்ளையும் சௌக்கியம். புள்ள ரொம்பப் பெருசு, சுகர் இருந்தா அப்படித்தான் பொறக்குமாம். செல்வி நாளன்னிக்கு வர்றா. சந்தோஷமான சேதி. தா.கிட்டச் சொன்னேன். "ம்"னா.

மூணு தடவ வாந்தி. மூச்சு ஒரு மாதிரி ஆழமா, வேகமா விடறா. மேடு ஏறி வந்தவ மாதிரி. படுத்தேதான் இருக்கா. அந்தப் பழ வாசம் ரூம் பூரா. கரும்பு ஆறு துண்டும் அப்படியே இருக்கு. அப்ப வேற ஏதோ.

பக்கத்துல உக்காந்து பொறுமையாத்தான் கேட்டேன். "கண்ணு, அப்பா திட்ட மாட்டேன். என்ன தின்னேன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சாத்தான டாக்டர்கிட்டச் சொல்ல முடியும்." மறுபடி கேட்டேன். மறுபடி. எத்தன தடவன்னு தெரியல.

கடைசியா கண்ண மூடிட்டே, "ஆமாங்கப்பா. தின்னேன்."

"என்ன?"

"பொங்கல். வாழப்பழம். எல்லாம்."

அப்பாடான்னு இருந்துச்சு. நான் சொன்னேன்ல. மூக்கு தப்பாது. இதுக்கா ஒரு வாரம் இந்த அக்கப்போரு. சுகர் காலைல எறங்கிரும், ஒரு நாள் பட்டினி போட்டா வயிறும் சரியாயிரும். ஊசி போட்டு விட்டேன், நானே.

நெத்தியத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. இன்னொரு கம்பளி போத்தினேன்.

ஜனவரி 16, வியாழன்

பெரியாஸ்பத்திரி. தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளிய பெஞ்சு. மணி மூணு. எழுத்து கோணுது.

காலைல எழுப்பினேன், எந்திரிக்கல. கண்ணு பாதி தொறந்திருக்கு, என்னப் பாக்கல. பேரச் சொல்லிக் கத்தினேன். ரோஸியக்காதான் ஓடி வந்தாங்க, அவங்க மருமகன் ஜீப்புல தூக்கிப் போட்டோம். பனியப் பாக்க வந்த வண்டிங்க. சேரிங் கிராஸ் முக்குல பத்து நிமிஷம் நின்னோம். ரோஸியக்கா எறங்கி ஒவ்வொரு கார் கண்ணாடியா தட்டி வழி விட வெச்சாங்க. செருப்பு கூடப் போடல அவங்க.

டூட்டி டாக்டர் சின்னப் பையன். "எவ்வளவு நாளா இப்படி?" நான் சொன்னது: "ஸ்வீட் தின்னுட்டா சார். பழமும். அவளே ஒத்துக்கிட்டா."

அவர் நிமிந்து பாத்தார். "ஸ்வீட் தின்னா சுகர் ஏறும். ரத்தம் இப்படி ஆசிட் ஆகாதுங்க. இது இன்சுலினே உள்ள போகாத கேசு. ஊசி நிறுத்திட்டீங்களா?"

"ஒரு வேளை தவறல சார். நானே போட்டேன்."

"வாயில பழ வாசம் வந்துச்சா?"

"ஆமா சார், அதான் சொன்னேனே, பழம்..."

"அது பழம் இல்ல. கொழுப்பு எரிஞ்சு வர்றது. கீட்டோன். அந்த வாசம் வந்தப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும்."

நர்ஸம்மா மருந்து பாட்டில் கேட்டாங்க. ரோஸியக்கா மருமகன் ஊட்டுக்குப் போயி டப்பாவோட எடுத்துட்டு வந்தான். டப்பாவுல இன்னும் ஐஸ். அவங்க ஒரு பாட்டில தூக்கி வெளிச்சத்துல காட்டினாங்க.

"எங்க வெச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

பாட்டில டப்பாவுக்குள்ள திருப்பி வெச்சாங்க. அப்பறம் கோவமாக் கூட இல்ல, மெதுவா: "உறைஞ்சா செத்துரும்ங்க. மறுபடி இளகினாலும் தண்ணிதான். நம்ம ஊருக்குப் பீரோக்குள்ள வெச்சிருந்தாலே போதுமே."

பீரோக்குள்ள. அந்தக் கரும்பு வெச்ச பீரோ.

ஆறு நாளா என் புள்ளைக்குத் தண்ணியப் போட்டிருக்கேன். தண்ணியப் போட்டுட்டு, சாப்பாட்டையும் புடுங்கிட்டு, திருடியாட்ட நடத்தியிருக்கேன். டிரையர் ஒரு டிகிரி மாறினா ஆளத் திட்டித் தீக்கற நாயி நான். ஜன்னலுக்கு வெளிய என்ன டிகிரின்னு ஒரு நாள் பாத்தனா?

அவளுக்கு ரெண்டு கையிலயும் ட்ரிப். மூச்சு இன்னும் அப்படியே. பன்னெண்டு மணி நேரம் போனாத்தான் எதுவும் சொல்ல முடியுமாம். செல்விக்கு ஃபோன் பண்ணினேன். "சுகர் ஏறிருச்சு, சேத்திருக்கு." அவ்வளவுதான் சொன்னேன். அவ அழுதுட்டே, "எதையாச்சும் தின்னுட்டாளாங்க?"ன்னா. லைன் கட் ஆயிருச்சு. நான்தான் கட் பண்ணினேன்.

மணி ஆறு. மாத்தமில்ல.

மணி எட்டரை. கூப்பிட்டா கண்ண அசைக்கறாளாம். கண்ணாடி வழியாத்தான் பாக்க விட்டாங்க.

ரோஸியக்கா எதுத்த பெஞ்சுல ஜெபம் பண்ணிட்டே தூங்கிட்டாங்க. அவங்க ஃப்ரிட்ஜ் எங்க ஊட்டுல இருந்து பன்னெண்டு அடி.

ஜனவரி 17, வெள்ளி

வெயில். விடிகாலை நாலு மணிக்கு மூச்சு சீராயிருச்சு. ஏழு மணிக்கு முழிச்சு தண்ணி கேட்டா. தப்பிச்சுட்டான்னு டாக்டர் வாயால கேட்டேன். அங்கயே தரையில உக்காந்துட்டேன்.

பெரிய டாக்டர் சாயங்காலம் வந்து ஊட்டு ஆளுங்களோட பேசுவாராம். மருந்து எப்படி வெக்கறதுன்னு அம்மா அப்பா ரெண்டு பேரும் இருக்கணும்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க.

பத்து மணிக்கு செல்வி. பொங்கல் கூட்டத்துல நேத்து பஸ்ஸே கெடைக்கலயாம். நேரா கட்டிலுக்குப் போனா. கன்னத்தத் தடவினா, முத்தம் குடுத்தா, அப்பறம் அழுகையும் கோவமுமா, "என்னடி தின்னே? சொல்லு, என்ன தின்னே?"

தாரணி என்னப் பாத்தா. ஒரு நிமிஷம் இருக்கும்.

"பொங்கல்மா. நெறைய தின்னுட்டேன். அப்பா வேண்டாம்னாங்க."

செல்வி தலையில அடிச்சுக்கிட்டா. "உசுரு போற சீக்க வெச்சுட்டு ஒரு வாரம் நாக்க அடக்க முடியலயாடி உனக்கு? உங்கப்பா ஒத்தையா என்ன பாடு பட்டிருப்பாங்க?" இன்னும் என்னென்னவோ. கால் மணி நேரம். அவ கண்ண மூடிட்டு வாங்கிக்கிட்டா. நான் கட்டில் கம்பியப் புடிச்சுட்டு நின்னேன்.

செல்வி வெளிய போனதும் குனிஞ்சு கேட்டேன். "ஏஞ்சாமி அப்படிச் சொன்னே? மருந்து கெட்டுப் போனது உனக்குத் தெரியுமில்ல?"

"நர்ஸக்கா பேசினது கேட்டுச்சு." குரல் எழும்பல. "அம்மா என்கூட ஒரு வாரத்துல பேசிருவாங்க. உங்ககூடப் பேச மாட்டாங்கப்பா."

இன்னிக்கே சொல்லிடணும். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும். வராந்தாவுக்கு வந்தேன். செல்வி கேன்டீன்ல இருந்து வந்துட்டு இருந்தா, கையில டம்ளர். கண்ணெல்லாம் வீங்கி.

"நேத்திருந்து பச்சத்தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்டீங்க. மொகமே செத்துப் போயிருக்கு. டீங்க. சக்கரை போடல, குடிங்க."

வாங்கிக் குடிச்சேன்.